அரக்குப் புடவை போர்த்திய வண்டி

இனிமேல் யாருக்கும் பயப்படுவதில்லை என்று ரங்கநாத் முடிவு செய்தார். பல் தேய்த்துக்கொண்டே செய்த முடிவு. வாய் கொப்பளிப்பதற்குள் சமையல் நடக்கும் தளிகையறையிலிருந்து "ஏன்னா!" என்று ஒரு குரல் வந்தது. வாயிலிருந்த நுரையை அப்படியே முழுங்கிவிட்டார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"பல்லு... பல்லு தேய்ச்சிண்டிருக்கேன்."

"இவ்வளவு நாழியாவா? இருக்கிறதே இருபத்தெட்டு பல்!"

தன் பல்லை மனைவி வரலக்ஷ்மி எப்போது எண்ணினாள் என்று யோசித்ததில் அவருக்கு முதுகு வியர்த்துவிட்டது.

சின்ன காஞ்சிபுரத்தில் வரலக்ஷ்மிக்குப் பயப்படாதவர் பெருமாள் ஒருத்தர்தான். அவரும் வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு வாகனத்தில் ஏறி வெளியே கிளம்பிவிடுகிறார். பால்காரர் அவள் வாசலில் மட்டும் தண்ணீர் கலக்காத பால் ஊற்றுவார். பட்டுப் புடவை கொண்டுவரும் பரசுராமன், ஜரிகையைப் பற்றி ஒரு பொய் சொல்ல வாயெடுத்து, அவள் பார்த்த பார்வையில் இருமி, உண்மையைச் சொல்லிவிட்டுப் போனதைத் தெருவே பார்த்தது.

அப்பேர்ப்பட்டவளைக் கட்டிக்கொண்டவர் ஒரு ரகசியம் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டார். மற்ற ஆண்களுக்குச் சீட்டு, சிகரெட், சினேகிதம். கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கும் ரங்கநாத்துக்கு ஏலம். பழைய, அபூர்வமான, ஒன்றுக்கும் உதவாத பொருளாக இருக்க வேண்டும். எழுதாத ஜெர்மன் பேனா ஒன்றை ஏலத்தில் எடுத்துத் திருமண் பெட்டிக்குள் ஒளித்தார். சிகரெட் பிடிக்காதவர் வெள்ளி லைட்டர் எடுத்தார். பிறகு ஒரு சுவிஸ் கைக்கடிகாரம். அது உளுந்து டப்பாவில் குடியிருந்தது. ஒருநாள் டப்பாவுக்குள் சத்தம் கேட்டு, வண்டு விழுந்துவிட்டது என்று வரலக்ஷ்மி உளுந்தை வெயிலில் கொட்டக் கிளம்பினாள். ரங்கநாத் பாய்ந்து கடிகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்கப் பல்வலி என்று சைகையிலேயே பேசினார்.

கடிகாரத்தை வாயில் போடலாம். காரை?

அந்தக் காரின் படத்தைக் கைபேசியில் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் செய்த பந்தயக் கார். யாரோ புண்ணியவான் துருவைச் சுரண்டி, எலும்பெலும்பாகக் கோத்து, மறுபடி உயிர் கொடுத்து ஏலத்துக்கு விட்டிருந்தார். குங்குமச் சிவப்பு. இரண்டே இருக்கை. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அதில் உட்கார்ந்து, கூரையைத் திறந்து, பெங்களூர் சாலையில் ஒரே ஒரு தரம் தலைமுடி பறக்கப் போக வேண்டும். தலையில் முடி அதிகம் இல்லை. இருப்பதாவது பறக்கட்டுமே!

அப்பா விட்டுப்போன வாலாஜாபாத் மனையைச் சத்தமில்லாமல் விற்றார். விடைத்தாள் திருத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினார். பல் தேய்க்கும்போது செய்த முடிவு இந்த நாளுக்காகத்தான்.

நட்சத்திர ஹோட்டலில் ஏலம். கையில் எண் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அட்டையைத் தூக்கினால் விலை கேட்டதாக அர்த்தம். காரை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பார்த்ததும் அவருக்கு ஆசை வரவில்லை. பயம்தான் வந்தது. இதை எங்கே ஒளிப்பது? கண்டுபிடித்துவிட்டால்? கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறாளா? வேண்டாமப்பா, கண்ணால் பார்த்தது போதும், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வரலக்ஷ்மி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனைவி போனில் கூப்பிட்டால் ரங்கநாத் உட்கார்ந்து பேசமாட்டார். ஆசாரியன் முன்னால் சிஷ்யன் நிற்பதுபோல எழுந்து நின்று, உடம்பைக் கொஞ்சம் வளைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசுவார். பழக்கம். இடது கையில் போன். வலது கையில் அட்டை. எழுந்தார், வாயைப் பொத்தினார். அட்டை உயர்ந்தது.

"விடைத்தாள் திருத்தறேளா?"

"திருத்திண்டேதான் இருக்கேன்."

மேடையில் இருந்தவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரும் மரியாதைக்குப் பதில் தலையசைத்து உட்கார்ந்தார். மறுபடி போன். மறுபடி எழுந்தார்.

"வரும்போது பெருங்காயம் வாங்கிண்டு வாங்கோ."

"சரி."

"கடைக்காரன் குடுக்கிறதை வாங்கிண்டு வராதேங்கோ. பார்த்து வாங்குங்கோ."

"சரி சரி."

உட்கார்ந்தார். முன்வரிசையில் வைர மோதிரம் போட்ட ஒருவர் திரும்பி இவரை முறைத்தார். ஏன் முறைக்கிறார் என்று யோசிப்பதற்குள் மூன்றாவது தரம்.

"கட்டிப் பெருங்காயம். தூள் இல்லை. காதுல விழறதா?"

"கட்டி... கட்டிதான்."

டக்!

"என்னது அது, சுத்தியல் சத்தம்?"

"பக்கத்து அறையில ஆணி அடிக்கறா."

எல்லோரும் கைதட்டினார்கள். மேடையிலிருந்தவர் இவரைக் கைகாட்டி வாழ்த்தினார். வைர மோதிரக்காரர் எழுந்து வெளியே போனார். விஷயம் புரிந்ததும் ரங்கநாத் அட்டையை அவசரமாக நாற்காலிக்கு அடியில் ஒளித்தார்.

அன்று வீட்டுக்குக் கட்டிப் பெருங்காயம் வந்தது. கார் முசரவாக்கம் போயிற்று.

முசரவாக்கத்தில் கிறிஸ்டோபர் கார்களுக்கு ஒடுக்கு எடுத்துப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தான். ரங்கநாத்திடம் படித்தவன். லாரியிலிருந்து கார் இறங்கியதும் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான்.

"இன்னா சார், நீங்களா வாங்கினீங்க? மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியக் கூடாது."

"ஐயோ சார்! போன மாசம் உங்க வூட்டு வண்டிக்கு பெயிண்ட் அடிச்சேன். பின்னாடி கதவுல கலர் ஒரு நூல் மாறிக்கினு இருக்குதுன்னு மூணு தடவை திருப்பி அனுப்பிச்சாங்க. அவுங்ககிட்ட மாட்டி வுட்றாதீங்க. எனக்குப் புள்ளைங்க இருக்குது."

"ஒரு மூலையில இருக்கட்டும்பா. மேல எதையாவது போர்த்திடலாம்."

"தார்ப்பாய் போடாதீங்க, பெயிண்ட் கீறிக்கும். மெத்துன்னு எதுனா இருந்தா கொண்டாங்க."

மெத்தென்று எது இருக்கிறது காஞ்சிபுரத்து வீட்டில்? பீரோவின் அடித்தட்டில் வரலக்ஷ்மி கட்டாமல் வைத்திருந்த அரக்குக் கலர் ஒன்பது கஜம் ஒன்று இருந்தது. நல்ல கனமான பட்டு. காரின் மூக்கிலிருந்து வால்வரை சரியாக இருந்தது. முந்தானை வேறு பின்பக்கம் அழகாகத் தொங்கியது.

அதற்குப் பிறகு ரங்கநாத்துக்குத் திடீரென்று பக்தி முற்றியது. தினமும் சாயங்காலம் கூரம் கோயிலுக்குப் போய் ஆழ்வானைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். கூரம் போகாமல் வழியில் முசரவாக்கத்துப் பட்டறையில் இறங்குவார். புடவையை விலக்கி, காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். இன்ஜினைக் கிளப்பமாட்டார். சத்தம் சின்ன காஞ்சிபுரத்துக்குக் கேட்டுவிட்டால்?

"சாவி போடுங்க சார். ஹைவேல ஒரு ரவுண்டு போய்க்கினு வாங்க."

"நாளைக்குப்பா."

எல்லா நாளும் நாளைக்குத்தான். ஒரு வெள்ளிக்கிழமை வரலக்ஷ்மி புடவை மாற்றிக்கொண்டு வீட்டு வண்டிச் சாவியுடன் வாசலில் நின்றாள்.

"நானும் கூரத்துக்கு வரேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்? வெயில்..."

"சாயங்காலத்துல என்ன வெயில்? ஏறுங்கோ."

வீட்டு வண்டியை ஓட்டுவது எப்போதும் அவள்தான். ரங்கநாத்துக்கும் லைசென்ஸ் உண்டு. ஒருதரம் பின்னால் எடுக்கிறேன் என்று முன்னால் எடுத்துப் பால் பூத்துக்குள்ளேயே போய்விட்டார். அதிலிருந்து அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவதோடு சரி. அன்று வழியெல்லாம் மிதித்தார். முசரவாக்கம் வந்தது. பட்டறை தாண்டிவிட்டால் போதும், பெருமாளே, தாண்டிவிட்டால் போதும்...

வண்டி பட்டறைக்குள் திரும்பியது.

"சக்கரத்துல என்னவோ கீச்சுனு கேக்கறது. கிறிஸ்டோபர் பார்க்கட்டும்" என்று இறங்கினாள்.

கிறிஸ்டோபர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே போட்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை. மூலையில் அரக்கு நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்ததைத்தான் கவனித்தாள். மெதுவாகப் போனாள். முந்தானையை விரலால் நெருடினாள்.

"இது என் ஒன்பது கஜம் இல்லையோ?"

ரங்கநாத் அவசரமாக யோசித்தார். ஏதாவது சொல்ல வேண்டும். புடவை. கார். காருக்குப் புடவை. எதற்குக் காருக்குப் புடவை? அடுத்த வாரம் வரலக்ஷ்மியின் அண்ணா கிருஷ்ணஸ்வாமி வீட்டில் கல்யாணம். அவர் பெண் லக்ஷணாவுக்கு. முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, நாதஸ்வரத்தோடு ஊர்வலமாக அழைத்து வருவார்கள்.

"ஜானவாசம்!" என்று கத்திவிட்டார்.

"என்ன ஜானவாசம்?"

"லக்ஷணா மாப்பிள்ளைக்கு. திறந்த கார். நம்ம சார்பா இருக்கட்டும்னு வாடகைக்குச் சொல்லியிருக்கேன். பட்டு போட்டு ஜோடிச்சா எப்படி இருக்கும்னு... பொருத்திப் பார்த்தோம். உனக்குத் தெரியாம ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

வரலக்ஷ்மி பேசவில்லை. அவள் திட்டினால் பயப்படலாம், அதற்கு ஒரு அளவு உண்டு. பேசாமல் இருந்தால் பயத்துக்கு அளவே கிடையாது. புடவையை விலக்கினாள். காரைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து மூடினாள்.

"வண்டி யாருதுப்பா, கிறிஸ்டோபர்?"

கிறிஸ்டோபர் ரங்கநாத்தைப் பார்த்தான். ரங்கநாத் இரண்டு கையையும் நெஞ்சருகே கூப்பினார்.

"என்... என்னுதுதாம்மா."

"உன்னுதா? நன்னா இருக்கே! நீ எப்பப்பா இவ்வளவு பெரிய மனுஷன் ஆனே?"

"கர்த்தர் கிருபைமா."

"சரி. அண்ணா கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவான். ஆனா இவர் கையில மாப்பிள்ளையை ஒப்படைக்க முடியாது. நான் ஓட்டறேன். சாவியைக் குடு."

கிறிஸ்டோபர் கொடுத்துவிட்டான். தன் காரின் சாவி தன் மனைவியின் இடுப்பில் செருகப்படுவதை ரங்கநாத் பார்த்துக்கொண்டு நின்றார். என்னுது என்று வாயைத் திறந்தால் செத்தோம். திறக்காவிட்டால் கார் போச்சு. செத்துப்போவதைவிடக் கார் போகலாம் என்று தோன்றியது.

ஜானவாசத்தன்று காருக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். இரண்டே இருக்கை. ஒன்றில் கோட்டும் சூட்டும் போட்ட மாப்பிள்ளை. மற்றதில், ஸ்டியரிங்குக்கு முன்னால், வரலக்ஷ்மி. ரங்கநாத் பக்கத்தில் நடந்து வந்தார். அவரும் நாதஸ்வரக்காரரும் ஒரே வேகம். காரும் அதே வேகம். பத்தடிக்கு ஒருமுறை யாராவது சொந்தக்காரர்கள் நிறுத்தி, மாப்பிள்ளை வாயில் சர்க்கரை போட்டார்கள். தவில்காரர் ஒரு நல்ல இடம் பார்த்து நின்று, தனி வாசித்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கச் செய்த இன்ஜின், நின்ற இடத்தில் நின்று கொதித்தது. தேரடி வரும்போது முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

"ஐயோ!" என்றார் ரங்கநாத். "அணைச்சுடு! இன்ஜின் போயிடும்! அணை, அணை!"

"மாமி, இது வெடிக்குமா?" என்று மாப்பிள்ளை கதவில் கை வைத்தார்.

"ஒண்ணும் ஆகாது, உட்காருங்கோ. ஜானவாசத்துல மாப்பிள்ளை இறங்கக் கூடாது." இன்ஜினை அணைத்தாள். "ஏன்னா, பின்னால போய்த் தள்ளுங்கோ."

"நானா?"

"மாப்பிள்ளையா தள்ளுவார்?"

பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரங்கநாத் தள்ளினார். பத்து மாமிகள் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் ஓடி வந்து வரலக்ஷ்மியிடம் குனிந்து என்னவோ கேட்டார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

"என்ன கேக்கறா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"அவாத்துப் பையன் ஜானவாசத்துக்கும் இந்த வண்டிதான் வேணுமாம். ஆனி மாசம் பூரா சொல்லியாச்சு. நீங்களும் லீவு போட்டுடுங்கோ, தள்ள ஆள் வேணுமே."

"கிறிஸ்டோபர் வண்டியாச்சே," என்றார் ரங்கநாத், கடைசி நம்பிக்கையாக. "அவனைக் கேக்க வேண்டாமா?"

வரலக்ஷ்மி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாடகை வண்டிக்கு எவனாவது பொண்டாட்டி பட்டுப்புடவையைப் போர்த்துவானா? மோதிரத்தைக் கழட்டிட்டுத் தள்ளுங்கோ, கீறிடப்போறது. நம்ம வண்டி."