எனக்கே அரைப்பேரு போட்டவ

எஹலியகொடப் பக்கத்துல தொரைக்குப் பயப்படாத ஆளுங்க இருந்தாங்க. 'அரைப்பேரு'ன்னு பட்டப்பேரு வாங்கின ஒரு பொம்பளைக்குப் பயப்படாத புருஷன் ஒருத்தன்கூடக் கிடையாது. கணக்கப்பிள்ளையா இருந்த என் உசுரை வாங்கினவ அவ.

ஆரம்பிச்சு வச்ச பாவி நான்தான். எங்க ரப்பர் தோட்டத்துல முழுநாள் வேலைக்கு முழுப்பேரு. காலையில பெரட்டுக்களத்துல ஆள் கூப்பிடுறப்ப பிந்தினா அரைப்பேரு, அரைச் சம்பளம். அவ தினமும் பிந்துவா. நானும் தினமும் அரைப்பேரு போடுவேன்.

"கோழி கூவுறதுக்கு முன்ன எந்திரிச்சு பீலிக் குழாயில தண்ணி புடிச்சேன், ரொட்டி சுட்டேன், புள்ளையப் புள்ளைக்காம்பராவுல விட்டேன். அதுக்கெல்லாம் எப்ப ஐயா பேரு போடுவீங்க?"

"அது வீட்டு வேலைம்மா. அதுக்கெல்லாம் பேரு கிடையாது."

"சரிங்க"ன்னா. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

அன்னிக்குச் சாயங்காலமே அவ வீட்டு வாசல்ல பெரட்டு. வெறகு கொண்டாராத புருஷனுக்கு அரைப்பேரு. தட்டுல அரை ரொட்டி. ஒரே வாரத்துல லயத்து வீடுங்க முழுக்க ஆம்பளைங்க அரை வயித்தோட ரப்பர் பால்வெட்டப் போனானுங்க. எவனோ எக்கேடு கெட்டுப் போகட்டும்னு இருந்தா, என் தட்டுலயும் அரை ரொட்டி!

"என்னடி இது?"

"காலையில இருந்து இந்த வீட்ல நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"ன்னா என் சம்சாரம்.

பசி வந்தா பத்தும் பறந்துபோகும், கணக்கப்பிள்ளை கௌரவம் எம்மாத்திரம்? குடத்தைத் தூக்கிக்கிட்டுப் பீலிக்குப் போனேன். மேட்டுல ஏறுறப்ப பாதித் தண்ணி என் கால்சட்டையில. "ஐயாவுக்கு அரைப்பேரு!"ன்னு பீலியடியில நின்ன அந்தப் பாவி கத்தினா பாருங்க, குளிக்க வந்த சிங்களப் பொம்பளைங்ககூட "ஹரி, ஹரி!"ன்னு, அதாவது 'சரி, சரி'ன்னு, கை தட்டினாங்க. மானம் கப்பலேறிப் போச்சு.

பிறகு ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அவ குடும்பத்துக்கு ஒரேயடியா இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்துச்சு. கடைசி நாள் பெரட்டுக்கும் பிந்தித்தான் வந்தா, சனியன். நான் முழுப்பேரு போட்டேன்.

பேரு பதியுற செக்ரோலை எட்டிப் பார்த்தா. "பிந்தித்தானே ஐயா வந்தேன்?"

"பீலியில குடத்தை வச்சப்பவே நீ வேலைக்கு வந்துட்டே. போ."

அந்த வாயாடி முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிட்டு, பால்வெட்டுற கத்திய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுக்காக தொரை என்னைக் காய்ச்சின காய்ச்சல் தனிக்கதை.

இப்பவும் வீட்டுக்குத் தண்ணி நான்தான் எடுக்கிறேன். சொட்டுச் சிந்தாம கொண்டுவந்து வைக்கிற அன்னிக்கெல்லாம், "ஐயாவுக்கு முழுப்பேரு!"ன்னு கத்த அந்தப் பாவி இல்லையேன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது.