பப்பாளி வடையும் நாலு வகை சக்தியும்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் பல்செட் மின்னி பே கடலோடு போகட்டும். சென்னைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்த புது பல்செட். அப்புறம் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எங்கள் தீவில், ஜங்லிகாட் மார்க்கெட்டில் தமிழரசி வடைக்கடை வைத்திருக்கிறாள். ஒரு தடவை புயலால் மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை. கப்பல் இல்லையென்றால் இங்கே வெங்காயமும் இல்லை. சௌல்தாரி கிராமத்திலிருந்து வந்த பப்பாளிக்காயைத் துருவிப் போட்டு வடை சுட்டாள். நாங்கள் தின்றுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனோம்.

அன்றைக்கென்று பார்த்து, நல்லெண்ணப் பயணம் வந்திருந்த ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பலின் கேப்டன் கடைக்கு வந்தார். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன்; வெளியுறவு விவகாரமாகிவிடும். ஒரு வடை தின்றார். "வெரி குட்" என்றார்.

கூட வந்தவர் சுற்றுலாத் துறைத் துணை இயக்குநர் பாலகுமார். தில்லியில் பயிற்சி முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தார். பீரங்கியைக் காட்டி அடுத்த நாட்டைப் பணிய வைத்தால் வன்சக்தி, அவர்களே மயங்கி வந்தால் மென்சக்தி என்று ஆட்டோக்காரர்களுக்குக்கூட விளக்கிக்கொண்டிருந்தார். மறுநாளே உத்தரவு வந்தது: 'மேற்படி வடை நாட்டின் மென்சக்தியாகக் கருதப்படுவதால், மேற்படி வடையின் சுவையில் யாதொரு மாற்றமும் செய்யலாகாது.'

கப்பல் வந்தது. தமிழரசி வெங்காய மூட்டையோடு கடைக்குத் திரும்பினாள். வாசலில் பாலகுமார்.

"மூட்டையிலே என்னம்மா?"

"வெங்காயம் சார்."

"உள்ளே போகக் கூடாது. கேப்டன் தின்ன வடையிலே வெங்காயம் இருந்ததா?"

"கப்பல் வரலை, அதான் இல்லே."

"அப்போ இல்லாததுதான் மென்சக்தி."

"அவரு மரியாதைக்குச் சொல்லியிருப்பாரு சார். தின்னுட்டு ஒரு செம்புத் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சாரு."

"அரே, அதுதாம்மா மயக்கம்."

"வர்றவங்க ஒரு வாய் கடிச்சுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போறாங்க. இப்படியே போனா நான் கடையை மூடிட்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்."

"மூடினால் தேசத்தின் மென்சக்தியை முடக்கிய குற்றம் வரும்."

மென்சக்திக்கு வன்சக்தியின் பாதுகாப்பு தேவை என்று அலுவலகத்துக்குத் தோன்றியது. துப்பாக்கியோடு குழந்தைவேலு என்ற காவலர் வந்தார். வடை தின்ன வருகிறவர்களின் பைகளை மோந்து பார்த்தே உள்ளே விட்டார். பக்கத்துக் கடைகளில் வெங்காயம் விற்கத் தடை விதித்தார்கள். அது பொருளாதார சக்தியாம். மூன்றும் சேர்ந்தால் சாதுரிய சக்தி என்று கடைமுன் பலகை நட்டார்கள். தெலுங்கரும் வங்காளிகளும் நின்று படித்துவிட்டு, உள்ளே ஏதோ தடுப்பூசி போடுகிறார்கள் என்று நினைத்துப் போனார்கள்.

அப்புறம் கேப்டன் வடை தின்னும் படம் எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. அன்றைக்கு எழுந்து போன நாங்களே இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையில் நின்றோம். கையில் வடையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். கான்ட்ராக்டர் இராமகிருஷ்ணன் தன் மகள் கல்யாணப் பந்தியிலேயே பப்பாளி வடை போட்டார். சம்பந்தி வீட்டார் நாசூக்காக இலைக்கு அடியில் தள்ளினார்கள்.

தமிழரசி பார்த்தாள். கடைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அங்கே இன்னொரு சட்டியை ஏற்றி வெங்காய வடை சுட்டாள், முன்பக்கத்தைப் போல இரண்டு மடங்கு விலைக்கு. இத்தனை காவலில் வெங்காயம் எப்படி உள்ளே போனது? குழந்தைவேலுவே தோளில் தூக்கி வந்து கொடுத்தார். துப்பாக்கி வைத்திருக்கிறவர் பையை யார் மோந்து பார்ப்பது?

அடுத்த வருஷம் அதே கேப்டன் வந்தார். முன்பக்கம் கேமராக்கள் முன்னால் ஒரு வடை தின்றார். "வெரி குட்." அப்புறம் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்துகொண்டே பின்பக்கம் நடந்தார். அங்கே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வாய் நிறைய வெங்காய வடையோடு பாலகுமார்.

கேப்டன் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். இன்னொன்று எடுத்தார். பிறகுதான் கேட்டார்: "இது எந்த வகை பவர்?"

பாலகுமார் மென்று விழுங்கினார். "இதற்கு இன்னும் உத்தரவு வரவில்லை சார்."

"வராமலே இருக்கட்டும்," என்று கேப்டன் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

இப்போது தமிழரசி மாடி கட்டுகிறாள். முன்பக்கம் கைதட்டுகிற அதே ஆட்கள்தான் பின்பக்கம் வரிசையில் நிற்கிறோம். பார்த்தால் வணக்கம் மட்டும் வைத்துக்கொள்வோம். ஜங்லிகாட் பக்கம் வந்தால் நீங்களும் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு பின்னால் வாருங்கள். வழி சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், கூகுள் காட்டியது என்று சொல்லிவிடுங்கள்.