செவர்லே கிரைண்டர்

பயந்த சுபாவக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு. தைரியமான ஆள் ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். எங்களால் அது முடியாது. தெரியாது என்றால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து எதையாவது சொல்லுவோம். சொன்னது தப்பாக இருக்குமோ என்று பயந்து ராத்திரி முழுக்கப் புரளுவோம்.

குன்னூருக்குக் கீழே, எஸ்டேட் ரோடு பிரிகிற வளைவில் நான் ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. (நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.) வேலைக்கு வரும் ஜீப்பின் டயருக்குக் கல் வைப்பேன். அந்தக் கல் உருண்டுவிட்டால் என்ன செய்வது என்று கல்லுக்கும் ஒரு கல் வைப்பேன். இப்படிப்பட்டவனிடம்தான் ஒரு ஃபோட்டோவைக் கொடுத்து, ‘இது என்ன இன்ஜின், சொல்லுங்கள்’ என்றார்கள்.

எங்கள் பக்கத்து எஸ்டேட்டின் பழைய டீ ஃபேக்டரி பல வருஷமாக மூடிக் கிடந்தது. புதிதாக வந்த மேனேஜர் அதற்கு வெள்ளையடித்து, டூரிஸ்டுகள் வந்து பார்க்கிற இடமாக மாற்றினார். சென்னைப் பையன், நல்ல மாதிரி. ஸ்டோர் ரூம் மூலையில் ஒரு பழைய கண்ணாடி நெகட்டிவ் அவருக்குக் கிடைத்தது. அதை ஸ்டுடியோவில் கொடுத்து, கதவு அளவுக்குப் பெரிய படமாகப் போட்டு மாட்டிவிட்டார்.

படத்தில் பச்சை இலை வாட்டும் காற்றாடி. அதை ஓட்ட, ஏதோ அமெரிக்கக் காரிலிருந்து கழற்றி வைத்த ஒரு இன்ஜின். முன்னால் கோட்டும் மப்ளருமாக ஆண்கள். ஓரமாக, இலை சலிக்கும் பெண்கள் மூன்று பேர். இன்ஜினின் மேல் கை வைத்து, ஏதோ புலியைச் சுட்டவர் மாதிரி நிற்கிறவர்தான் என் மாமனாரின் அப்பா. காதைப் பார்த்தாலே தெரியும். அந்தக் குடும்பத்துக் காது அப்படி.

என் மாமனார் கல்யாணம், காதுகுத்து, எழவு எதுவானாலும் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. “எங்கய்யன் ஃபோர்டு இன்ஜின் ஓட்டினவரு. ஒரே சுத்து, பட்டுன்னு புடிச்சுக்கும். தொரையே கைகட்டி நின்னு பாப்பான்.” அவருக்குச் சொத்து என்று இருப்பது அந்த ஒரு கதைதான். அதனால் ஃபோட்டோ கிடைத்ததும், அவரே மேனேஜரிடம் போய், “என்ற மாப்ள கிட்டக் கேளுங்க. சத்தத்தை வெச்சே வண்டியைச் சொல்லுவாரு” என்று என்னை மாட்டிவிட்டார். (ஃபோட்டோவில் சத்தம் வராது என்பதை யாரும் யோசிக்கவில்லை.)

மேனேஜர் என் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். “அண்ணா, படத்துக்குக் கீழே பித்தளையில போர்டு வைக்கிறேன். திறப்பு விழாவுக்கு கோயம்புத்தூர்ல இருந்து பழைய கார் வெச்சிருக்கிறவங்க எல்லாம் ஓட்டிட்டு வர்றாங்க. தப்பா எழுதினா சிரிச்சுடுவாங்க. சரியா பார்த்துச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலமே மாமனார் வந்தார். “இதுல என்ன மாப்ள பார்க்கறதுக்கு இருக்குது? ஃபோர்டுன்னு எழுதிக் குடுத்துப்போட்டுப் போங்க.”

நானும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கலாம். இன்றைக்கு நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ‘தப்பா எழுதினா சிரிச்சுடுவாங்க’ என்ற வார்த்தை வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படத்தை ஃபோனில் எடுத்து வந்து ஆராய ஆரம்பித்தேன்.

முதலில் சிலிண்டரை எண்ணலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. சரியாக அந்த இடத்தில் ஒரு ஃபிட்டர் தன் வயிற்றை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் என் வாழ்க்கையே வேறு. மெக்கானிக்குகளின் வாட்ஸப் குரூப்பில் படத்தைப் போட்டேன். ஒருவர் ‘டாட்ஜ்’ என்றார். ஒருவர் ‘கரண்ட் மோட்டார் போல இருக்கு’ என்றார். மூன்றாமவர் ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் சொன்னார்.

கடைசியில் காயலான் கடையில் வாங்கிய பழைய ரிப்பேர் புத்தகம்தான் கை கொடுத்தது. அதிலிருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தக் காலத்து ஃபோர்டு நாலு சிலிண்டருக்கு கார்புரேட்டர் வலது பக்கம். செவர்லே ஆறு சிலிண்டருக்கு இடது பக்கம். நம் படத்தில் கார்புரேட்டர் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அது இருப்பது இடது பக்கம்.

எனக்கு வேர்த்துவிட்டது. குன்னூர்க் குளிரில்.

என் மனைவி ஜோதிமணி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, இந்தப் பொம்பளைங்க மாராப்பை ஏன் இப்படிப் போட்டிருக்காங்க?”

“இன்ஜினைப் பார்க்கச் சொன்னா சேலையைப் பார்க்கறயே! உங்கப்பாரு மானமே போகப் போகுது, உனக்கு மாராப்பு முக்கியமா?” என்று எரிந்து விழுந்தேன். அவள் போய்விட்டாள். (அந்த நிமிஷத்தைத் திருப்பித் தருவதென்றால் என் டூல்பாக்ஸையே கொடுப்பேன்.)

மாமனாரிடம் சொல்ல தைரியம் வரவில்லை. மேனேஜரிடம் மட்டும், “செவர்லேங்க சார்” என்று முனகிவிட்டு வந்தேன். திறப்பு விழாக் கூட்டத்தில் மாமனார் போர்டைக் கவனிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அவர் எப்படி கவனிக்காமல் இருப்பார்? வேன் பிடித்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் பொள்ளாச்சியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

திரையை இழுத்தார்கள். பித்தளை பளபளத்தது. ‘செவர்லே இன்ஜின்’ என்று எழுதியிருந்தது.

வேனில் வந்த கூட்டத்தில் ஒருவர் சும்மா இருக்காமல், “ஏனுங்க மாமா, ஃபோர்டுன்னு தானுங்களே சொல்லுவீங்க?” என்று கேட்டார்.

மாமனார் என்னைப் பார்த்தார். “மாப்ள, இதென்ன?”

நான் வாயைத் திறப்பதற்குள், பழைய கார்க்காரர்களில் தொப்பி போட்ட ஒருவர் முன்னால் வந்து, “சந்தேகமே இல்ல, செவர்லேதான். கார்புரேட்டர் இடது பக்கம் இருக்கு பாருங்க. யாருங்க கண்டுபிடிச்சது? சபாஷ்!” என்று என் முதுகில் தட்டினார். என் வாழ்க்கையில் படித்தவர் ஒருவர் எனக்கு சபாஷ் சொன்னது அதுவே முதல் தடவை. அதை அனுபவிக்கக்கூட விடவில்லை.

“அப்ப எங்கய்யன் பொய் சொன்னாரா?” என்றார் மாமனார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. “இத்தன சனத்துக்கு முன்னால அவரைப் பொய்யனாக்கிப் போட்டீங்க. இனி நான் உங்க ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன்.” நேராகப் போய் வேனில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார்.

நான் வேன் பக்கம் ஓடுவதா, மேனேஜர் பக்கம் ஓடுவதா என்று தெரியாமல் நடுவில் நின்று வேனின் பின் டயருக்கு ஒரு கல் வைத்தேன். கை அதுவாகச் செய்தது.

ஜோதிமணி அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தன் அத்தையைக் கூப்பிட்டாள். “அத்தை, இங்க வாங்க. இந்த மூணு பேர் மாராப்பும் எந்தத் தோள்ல இருக்குது?”

“வலது தோள்ல.”

“நம்ம பக்கம் யாராச்சும் அப்படிப் போடுவாங்களா?”

“ஒருத்தி போட்டாலும் ஏதோ அவசரம்னு சொல்லலாம். மூணு பேருமாவா?” என்றார் அத்தை. பிறகு ஆண்களைப் பார்த்தார். “கோட்டுப் பாக்கெட்டும் வலது பக்கமால்ல இருக்குது!”

மேனேஜர் ஓடிப் போய் அந்தக் கண்ணாடி நெகட்டிவை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். “ஐயோ அண்ணா, ஸ்டுடியோல கண்ணாடியைத் தலைகீழா... இல்ல, முன்பின்னா வெச்சுப் போட்டுட்டாங்க. படமே இடம் வலம் மாறியிருக்கு.” ஃபோனில் படத்தைத் திருப்பிக் காட்டினார். மாராப்புகள் இடது தோளுக்குப் போய்ச் சேர்ந்தன. கார்புரேட்டர் வலது பக்கம் வந்தது.

தொப்பிக்காரர் எட்டிப் பார்த்து, ஒரு வெட்கமும் இல்லாமல், “சந்தேகமே இல்ல, ஃபோர்டுதான்” என்றார். முதுகில் தட்டுவதற்கு இந்தத் தடவை என்னைத் தேடவில்லை.

மாமனாரை வேனிலிருந்து இறக்க அத்தை போனார். அவர் இறங்கி வந்த நடையைப் பார்க்க வேண்டும். கோபத்தையாவது தாங்கிக்கொள்ளலாம். ஜெயித்த மாமனாரைத் தாங்கவே முடியாது. ஃபோனை வாங்கி எல்லோருக்கும் காட்டினார். பார்த்தவர்களுக்கே மறுபடி காட்டினார். கடைசியாக என்னிடம் வந்து காட்டினார். “பரவால்ல மாப்ள. பயப்படாதீங்க. எங்கய்யன் கோவிச்சுக்க மாட்டாரு.”

படத்தைத் திருத்திப் போட்டார்கள். போர்டும் மாறியது. பழைய பித்தளை போர்டை மேனேஜர், “ஞாபகத்துக்கு வெச்சுக்கங்க” என்று மாமனாரிடம் கொடுத்தார். அவர் மறுநாளே, படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன அதே வீட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். எங்கள் சமையலறைக் கிரைண்டரின் நெற்றியில் அதைத் திருகிவிட்டுப் போனார். கழற்றினால் தன் மகளோடு பேசமாட்டாராம். மகளும் கழற்ற விடுவதில்லை. வீட்டில் நான் எதைப் பற்றிக் கருத்து சொன்னாலும், டிவி ரிமோட்டாக இருந்தாலும் சரி, எங்கள் பெண்ணுக்கு எந்தக் காலேஜ் என்பதாக இருந்தாலும் சரி, “மாராப்பைப் பாத்தீங்களா?” என்று ஒரு குரல் வரும். அதோடு என் கருத்து முடிந்தது.

போன மாதம் கிரைண்டர் நின்றுவிட்டது. (ஜீப் பார்ப்பவன் கிரைண்டரில் கை வைத்தால் வெடித்துவிடுமோ என்று எனக்கு பயம்.) சர்வீஸுக்கு ஒரு பையன் வந்தான். குனிந்து போர்டைப் படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பயம் ஒரு கணம் தெரிந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

“இது பழைய மாடல்ங்க. செவர்லே கிரைண்டருக்கு இப்பெல்லாம் பார்ட்ஸ் வர்றதில்லை.”

உள்ளே ஜோதிமணி பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நான் அவனை உட்காரவைத்து டீ கொடுத்தேன்.