புறப்பட்டாகிவிட்டது, வீட்டில்தான் இருக்கிறேன்

திம்பு,
சனிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் நம்கே தின்லே தரையில் மூன்று முறை விழுந்து வணங்கி எழுதுவது. தங்கள் முழங்கால், தங்கள் பசுக்கள், புதிதாகப் போட்ட கூரைத் தகரம் எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உயிரோடுதான் இருக்கிறேன். வழக்கமாக எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் வண்டியோடு பள்ளத்தாக்கில் உருண்டுவிட்டேன் என்று த்ரோங்சா பக்கம் ஆள் விட்டுத் தேடச் சொல்லியிருக்கிறீர்களாம். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் செவ்வாய்க்கிழமை புறப்பட்டது உண்மை. சிம்தோகா வரை போய்த் திரும்பி வந்து, என் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதும் உண்மை.

கல்யாணம் ஆனதிலிருந்தே உங்கள் மகள் சிமியும் நானும் ஒரு நீண்ட பயணம் போக நினைத்திருந்தோம். திம்புவில் கிளம்பி, ஒவ்வொரு கணவாயாக ஏறி இறங்கி, கிழக்கே சாலை முடிகிற இடம் வரை. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "வழியில ஒரு சொந்தக்காரங்க வீட்டுலயும் சாப்பிடக் கூடாது. போன தடவ வாங்துல சித்தி வீட்டுல டீ குடிக்க இறங்கினோம், மூணாம் நாள்தான் விட்டாங்க." அப்போது எனக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது கேட்காமலே தருகிறார்கள். அவளுடைய சாம்பலைக் களிமண்ணில் பிசைந்து லாமா பிடித்துக் கொடுத்த சின்னச் சின்னக் கோபுரங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கணவாய்க்கு ஒன்றாக, மழை படாத பாறை இடுக்கில் வைக்க வேண்டும். அதை அவள் சொன்னபடியே செய்ய நினைத்தேன். நானும் அவளும் மட்டும், யார் வீட்டிலும் சாப்பிடாமல். நான் சாலைப் பொறியாளன். எனக்கு அழ வரவில்லை, அட்டவணை போட வருகிறது. எந்தக் கணவாய் எவ்வளவு உயரம், எங்கே பெட்ரோல், எங்கே மண் சரியும், எங்கே நின்று எப்போது கிளம்புவது, எல்லாம் போட்டு ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதாக முடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழ்வீட்டு தெகி அக்காவிடம் காட்டினேன்.

"எல்லாம் சரி தம்பி, ஞாயித்துக்கிழம கிழக்க போறியே, ஜோசியர்கிட்ட கேட்டியா?"

ஜோசியர் என் பிறந்த வருஷத்தைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கிழக்கே போனால் மலையே இறங்கி வந்து என் மடியில் உட்காரும் என்றார். லீவை மாற்ற முடியாது. அதனால் நாமெல்லாம் செய்வதுதானே, நல்ல நாளான செவ்வாய்க்கிழமையே பையோடு புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போய், யார் வீட்டிலாவது பையை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை போவது புறப்பாடு இல்லை, பாதி வழியிலிருந்து தொடர்வது. மலைக்கும் அது தெரியுமாம். சரி என்றேன். சிமி போனதிலிருந்து எதற்கும் சரி என்றுதான் சொல்கிறேன். தெகி அக்கா மட்டும், "பேருக்குக் கிளம்பினா கிரகம் நம்பாது. நிஜமாவே வழியனுப்பணும்" என்று கட்டடத்தையே வாசலில் கூட்டிவிட்டாள். கழுத்தில் வெள்ளைத் துண்டுகள், கையில் வெண்ணெய்த் தேநீர், காரின் சக்கரத்துக்கு ஆரா சாராயம், எனக்கும் கொஞ்சம். மூன்றாம் மாடிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"போய்ட்டு எப்ப வருவியோ!"

"சாயங்காலம் வந்துருவேங்க."

"அப்பிடிச் சொல்லாதடா, கிளம்பறப்ப!" என்று இன்னும் அழுதார்.

சிம்தோகாவில் என்னோடு வேலை செய்யும் உக்யென் வீட்டில் பையை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாடிப்படியில் தெகி அக்கா எதிரே வந்தவள் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"யாரோ ஏறி வர்ற மாதிரி இருக்கு. காத்தா இருக்கும்."

"அக்கா, நான்தான்."

"நீ எப்பிடி நீயா இருப்ப? நீதான் போய்ட்டியே. இப்ப உன்ன நான் பாத்துட்டா புறப்பாடு முறிஞ்சு போகும்."

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

"எனக்கென்னப்பா தெரியும்? நல்லபடியாப் போய்ட்டிருப்ப."

அன்றிலிருந்து நான் என் வீட்டில் இல்லை. விளக்குப் போடுவதில்லை, குழாயை மெதுவாகத் திருகுகிறேன், யாரும் இல்லாத வீட்டில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறேன். ஆனால் சாப்பாடு வருகிறது. தெகி அக்கா கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கதவிடம் பேசுவாள். "இங்க ஆளே இல்ல. ஆனாலும் எமா தட்சிக் கொழம்பு ஆறிப் போகுதேன்னு வெச்சுட்டுப் போறேன்." மறுநாள், "ஆளில்லாத வீட்டுல பாத்திரம் எப்பிடித்தான் காலியாவுதோ. போதுமான்னு யார்கிட்ட கேக்கறது? போதலைன்னா எதுவாவது இருமட்டும்." நான் இருமினேன். இன்னொரு கரண்டி சிவப்பரிசிச் சோறு வந்தது. நேற்று, "கண்ணுல தண்ணி கொட்டற மாதிரி மொளகா போட்ருக்கேன், கொஞ்சமாவது கொட்டட்டும்" என்று கதவுக்குச் சொன்னாள். முழுவதும் சாப்பிட்டேன். கொட்டவில்லை.

அலுவலகத்தில் வேறு கஷ்டம். அங்கு கட்டாயம் போட வேண்டிய என்னுடைய எல்லா அங்கிகளும் பையில் போய்விட்டன. உக்யெனிடம் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டால், "பை கிளம்பிருச்சுடா. நீ வேணா திரும்பி வரலாம், பை வரக் கூடாது" என்று தன் அங்கியைக் கொடுத்தான். உக்யென் மடாலத்து வாசலில் சுற்றுகிற பெரிய பிரார்த்தனை உருளை சைஸ். அவன் அங்கியைச் சுற்றி, மறுபடி சுற்றி, இடுப்பில் கட்டினால், நான் ஒரு மூட்டை மாதிரி, மேலே தலை மட்டும் இருக்கிறது. மேலதிகாரி என்னைப் பார்த்துவிட்டு, "நம்கே கிளம்பிட்டாரே, நீங்க அவர் இடத்துக்கு வந்தவரா?" என்றார். ஆமாம் என்றேன்.

இதற்குள் நான் புறப்பட்ட செய்தி எனக்கு முன்னால் கிழக்கே போய்விட்டது. வாங்து சித்தி பன்றிக்கறி வைத்துக் காத்திருந்து, நான் வரவில்லை என்றதும் த்ரோங்சா அண்ணன் வீட்டில் சாப்பிட்டிருப்பேன் என்று முடிவு கட்டி, அவருக்குப் போன் போட்டுச் சண்டை. அவரோ, நீங்கள்தான் என்னை பும்தாங்குக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டீர்கள் என்று உங்களோடு சண்டை. நீங்கள் என்னைப் பிணமாக்கி ஆள் அனுப்பிவிட்டீர்கள். உங்களுக்குப் போன் பண்ணினேன் மாமா. கேட்காத காதில் வைத்துக்கொண்டு, "யாரு? நம்கேயா? அவன வழியில தேடிட்டிருக்காங்க, அப்பறமாக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். உருளைக்கிழங்கு லாரிக்காரர் இன்று பும்தாங் திரும்புகிறாராம், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்போது முக்கிய விஷயம். நீங்களும் என்னோடு வருவதாக அதே லாரிக்காரரிடம் போன வாரம் சொல்லியனுப்பியிருந்தீர்கள். வேண்டாம் மாமா. மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். நீங்கள் நாடு முழுக்கத் தலைமையாசிரியராக இருந்தவர். ஊருக்கு ஊர் உங்களிடம் அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அடித்ததற்கு நன்றியாக அத்தனை பேரும் சோறு போடுவார்கள். கணவாய்க்குக் கணவாய் இறங்கி வரலாறு சொல்வீர்கள். அட்டவணை தாங்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வழியெல்லாம் அவளைப் பற்றிப் பேசுவீர்கள். என்னால் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம், அதையாவது கேட்டபடி செய்துவிடுகிறேன். பும்தாங்கில் வண்டி நிற்காது. சாலையோரம் நின்று கையாட்டுங்கள், நானும் ஆட்டுகிறேன். கையில் தட்டு மட்டும் இருக்கக் கூடாது.

தங்கள் ஆயுள் ஆற்றைப் போல நீளட்டும். பசுக்கள் மடி நிறையப் பால் தரட்டும். தங்கள் காது இரண்டும் தெளிவாகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
புறப்பட்டுவிட்ட மருமகன்
நம்கே தின்லே

பி.கு.: மேலே எழுதியது எதுவும் செல்லாது. கடிதத்தைக் கொடுக்கக் கீழே இறங்கினேன், அந்த லாரியிலிருந்து நீங்களே இறங்கினீர்கள். பிணத்தை மற்றவர்கள் சரியாகத் தேட மாட்டார்கள் என்று வந்தீர்களாம். "நம்கே போய்ட்டான்யா, மேல யாரும் இல்ல" என்று தெகி அக்கா சொல்ல, "பரவால்லம்மா, அந்த யாரும் இல்லாதவன் கூடத்தான் இருக்க வந்தேன்" என்று என்னை இழுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டீர்கள். கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தீர்கள். பிறகு அட்டவணையைக் கேட்டீர்கள்.

"கணவாய்ல வெக்கப் போறியா? எதுக்குடா? அவ ஒரு கணவாயையும் கண்ணத் தொறந்து பாத்ததில்ல. எனக்கு மாற்றல் வர்றப்பல்லாம் பஸ்ல என் மடியில குப்புறப் படுத்து வாந்தி எடுத்துக்கிட்டே வருவா."

"என்கூட வந்தப்ப ஒரு தடவகூட எடுத்ததில்லையே மாமா."

"எப்பிடி எடுப்பா? உன் வண்டில ஏறணும்னாலே முந்தின நாள்லேர்ந்து சாப்பிட மாட்டா. 'அவரு ரோடு போடறவருப்பா, அவரு ரோட்டுல வாந்தி எடுத்தா மனசு கஷ்டப்படுவாரு'ன்னு எனக்குப் போன் பண்ணுவா."

நான் எழுந்து போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். கட்டடத்துக்கே கேட்டிருக்கும். கீழிருந்து தெகி அக்கா, "காத்து இல்ல, தண்ணிதான்! நல்லா ஓடட்டும்!" என்று கத்தினாள்.

இப்போது நீங்கள் என் கட்டிலில் குறட்டை விடுகிறீர்கள். அதனால்தான் பாக்கியையும் எழுதியே வைக்கிறேன். வாங்து சித்தியிடம் சொல்லிவிட்டேன், சாப்பிட வருகிறோம். எல்லா வீட்டிலும் வருகிறோம். கணவாய்களில் நிற்கப் போவதில்லை. அவள் வாந்தி எடுத்த வளைவுகளை நீங்கள் சொல்லிக்கொண்டே வாருங்கள், நான் ஓரமாக நிறுத்துகிறேன், அங்கே ஒவ்வொன்றாக வைப்போம். பெட்டி உங்கள் மடியில், ஜன்னல் பக்கம். அவள் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கியே வைக்கப் போகிறேன். குளிரும், மாமா. கேட்கிற காதை மூடிக்கொள்ளுங்கள்.