எக்ஸ்ரே பாவாவுக்குப் போயா லீவு

"இண்டைக்கே எடுங்க, பாவா."

இந்த ஒரு வார்த்தையை மட்டும் வாயால் சொல்லிவிடாதே என்று உம்மா என்னிடம் மூன்று தரம் சத்தியம் வாங்கியிருந்தார். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி அரசாங்க விடுமுறையில், பாவாவிடம் கட்டி எடுக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. கேட்டவர் வீட்டில் கோழிகூட முட்டை போடாதாம். சத்தியம் செய்த பிறகும் கேட்டேன். எங்கள் வீட்டில் கோழி இல்லை.

பாவாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் பக்கீர் முகைதீன். சாகாமத்தில் வயல் காவல் பார்த்தவர். ஓரிரவு வயலுக்குள் யானை இறங்கியதும் பரணிலிருந்து குதித்து ஓடத் தொடங்கியவர், கடலைக் கண்ட பிறகுதான் நின்றார். நின்ற இடத்தில் ஜின் பிடிக்கத் தொடங்கினார். ஜின் துரத்தாது, தும்பிக்கையும் கிடையாது. வசதியான தொழில்.

எண்பத்திரண்டாம் ஆண்டு முழுக்க எங்கள் கரையில் இவர் பேச்சுத்தான். கல்முனையிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். "எக்ஸ்ரே பாவா இறக்கம்!" என்பார்; பாதி பஸ் காலியாகும். சவளக்கடையிலிருந்து ட்ரெக்டர் பெட்டியில் குடும்பம் குடும்பமாக வந்து குதித்தார்கள். பாவாவின் வாசலில் வறுத்த கச்சான் கடலைக் கடை, சர்பத் கடை, தொப்பிக் கடை. நோய் இல்லாதவர்களும் வந்தார்கள். கச்சான் நல்லமாம்.

எக்ஸ்ரே என்ற பட்டம் எப்படி வந்தது? அவரிடம் ஒரு எக்ஸ்ரே படம் இருந்தது. ஒன்றே ஒன்று. எந்தக் குப்பையில் பொறுக்கினாரோ, யாரோ ஒரு கைக்குழந்தையின் நெஞ்சுப் படம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் தோணிப் பாய் மாதிரித் தெரிந்த வெள்ளை நிழலை விரலால் தட்டி, "இதான் நிழல் ஜின். நெஞ்சுல கட்டியாக் குந்திட்டு இரிக்கி" என்பார். வந்தவர் எல்லாருக்கும் அதே படம். எழுபத்திரண்டு வயது கச்சிமுகம்மது மாமாவுக்கும் அதே படம். சீப்புப் பல் அளவிலிருந்த விலா எலும்புகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு மாமா சொன்னார்: "ஓம் ஓம், என்ட நெஞ்சுதான். கொஞ்சம் மெலிஞ்சி போயிட்டன்."

பிறகு வைத்தியம். ஆளைப் பாயில் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடுவார். துணிக்குள் கை போகும். முணுமுணுப்பு. துணி நடுங்கும். இளஞ்சிவப்பாக, இரண்டு மடலாக, வழவழவென்று ஒரு கட்டி வெளியே வரும். கண் சிமிட்டும் நேரம் காட்டிவிட்டுக் கோப்பையில் போட்டு மூடிவிடுவார். தொட்டவர் மேல் ஜின் பாயுமாம்.

போயாவுக்கு மட்டும் லீவு. முழுநிலவில் நிழல் கலைந்துவிடும் என்பது பாவாவின் விளக்கம். போயாவில் மாட்டிறைச்சிக் கடைகளுக்கும் பூட்டு என்பதை இந்தக் கரையில் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, அந்த இரண்டு மடல் கட்டியை எலிக்குள் தேடி மூன்று மணித்தியாலம் குனிந்து நின்றவள் நான். கன்றுக்குட்டியின் கழுத்தடியில் அது கைநிறைய இருக்கும்.

சும்மா சிரித்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் என் அக்கா, றம்லா ராத்தாவின் மகன் ஹஸனுக்கு எட்டு மாதம். மூன்று நாளாகக் காய்ச்சல், இப்போது மூச்சும் இழுத்தது. அவள் புருசன், என் மச்சான், கத்தாரில். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் ராத்தா அழுதாள். "கட்டி உள்ளுக்கு இரிக்கக்குள்ள ஊசி போட்டா புள்ள தங்காதெண்டு பாவா சென்னாரு. நாளைக்குக் கட்டிய எடுத்திட்டுப் போவம்."

நாளை வரை அந்த நெஞ்சு தாங்குமா என்று பாவா சொல்லவில்லை. அதனால்தான் போயாக் காலையில் பிள்ளையும் கையுமாக ராத்தாவை இழுத்துக்கொண்டு போய் அந்த வாசலில் நின்றேன்.

"இண்டைக்குப் போயா, மகள்" என்றார் பாவா.

"நோய்க்குப் போயா இல்ல, பாவா. ஜின்னுக்கு மட்டும் கவுண்மேந்து லீவா?"

நாளைக்கு முதல் ஆளாக வேண்டுமென்று நாற்பது பேர் அந்த வீட்டைச் சுற்றிய வளவிலேயே படுத்திருந்தார்கள். எல்லாரும் எழும்பி வந்தார்கள். கச்சிமுகம்மது மாமா பாவாவின் கையைப் பிடித்தார். "பச்சப் புள்ளைக்கு இழுக்குது. நீங்க நெனச்சா ஏலாதா? எடுத்து வுடுங்க பாவா!"

நம்புகிறவர்களின் அன்புக்கு முன்னால் பாவம், பாவா என்ன செய்வார்? பெண்சாதியைப் பார்த்தார். பெண்சாதி பின்வேலியைப் பார்த்தாள்.

"அரை மணித்தியாலம் தாங்க. ஓதணும்."

அந்த அரை மணித்தியாலத்தில் ராத்தாவிடம் கதைத்தேன்.

"அந்தப் படத்துல தெரியிறது ஜின் இல்ல ராத்தா. தைமஸ் எண்டு ஒரு சுரப்பி. கைப்புள்ளயள் எல்லாருக்கும் நெஞ்சு எலும்புக்குப் பின்னால இரிக்கிறது."

"அப்ப எனக்கும் இரிக்கா?"

"வயசு போகப் போகச் சுருங்கிடும். மாமாவுக்கு இப்ப வெறும் கொழுப்புத்தான்."

"ஆருக்குக் கொழுப்பு?" என்றார் பின்னாலிருந்த மாமா.

"அது என்னத்துக்கு இரிக்கி?" என்றாள் ராத்தா.

"பள்ளிக்கூடம். நோயோட சண்டை பிடிக்கிற ரீ கலங்கள் எண்டு இரத்தத்துல இரிக்கி. எலும்புக்குள்ள பிறந்து, ஒண்டும் தெரியாம இஞ்ச வரும். ரெண்டு சோதனை. நம்மட உடம்பிட அடையாளத்தை வாசிக்கத் தெரியுமா? தெரியாட்டி பெயில். நம்மட உடம்பையே கடிக்கப் பாக்குதா? பாத்தா அதுவும் பெயில்."

"பெயிலானா வீட்ட அனுப்புவாங்களா?"

"இல்ல. அங்கேயே மௌத்து, சாவு. நூறு போனா ரெண்டு மூண்டுதான் வெளிய வரும். அதுகள்தான் இப்ப உங்கட மகனுக்காகச் சண்டை பிடிக்கிது. அதுகள்ட பள்ளிக்கூடத்தத்தான் இந்த மனுசன் புடுங்கப் போறன் எண்டு நிக்காரு."

"அல்லாஹ்வே! நீ எழுதின ஏ.எல். சோதனை எவ்வளவோ பரவாயில்ல."

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முந்திய காலத்தில் வெள்ளைக்கார டாக்டர்மாரும் இதே நிழலைப் பார்த்துப் பயந்து, சுகமான குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே கதிர் அடித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்ததைத் தேடிப் பார்த்து, பிழை என்று கண்டு நிறுத்தினார்கள். மடத்தனம் யாருக்கும் வரும். தேடிப் பார்க்கிறவனுக்குப் போகும்.

பாவா வந்து குந்தினார். ஹஸனைக் கிடத்தி, துணியால் மூடி, கையை விட்டார். துணி நடுங்கியது. வந்தது கட்டி. இளஞ்சிவப்பு. இரண்டு மடல். வழவழப்பு.

"யா அல்லாஹ்!" என்றது வளவு.

"இஞ்ச, அது என்ட பாரை மீன் சினையல்லவா?" என்றது ஒரு குரல்.

மீன்காரி வல்லியம்மை. சத்தம் கேட்டுக் கூடையை மரத்தடியில் இறக்கிவிட்டு, என்ன புதினம் என்று பார்க்க முன்வரிசைக்கு நெரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இப்பதானே உங்கட பெண்சாதி பின்வேலியால வாங்கினவ. மீன் வேணாம், சினை மட்டும் போதும், கிழியாம ரெட்டையாத் தா எண்டு நிண்டவ. ஆரோ புள்ளத்தாச்சிக்கு ஆசையாக்கும் எண்டு நானும் நல்லதாப் பாத்துக் குடுத்தன்!"

பாவாவின் கை கோப்பை மூடிக்குப் போனது. என் கை கட்டிக்குப் போனது. நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, என் மேல் ஜின் பாயட்டும் என்று ஆவலாகக் காத்திருந்தார்கள். பாயவில்லை. நசுக்கினேன். ரவை மாதிரி முட்டைகள் உள்ளங்கையில் கொட்டின. ராத்தாவின் மூக்கடியில் நீட்டினேன்.

"மணந்து பாருங்க."

கிழமைக்கு இரண்டு நாள் சினை பொரிக்கிறவள் அவள். ஒரு தரம் மணந்தாள். முகம் போன போக்கில் பாவா ஒரு முழம் பின்னால் நகர்ந்தார்.

"போயா எண்டபடியா ஜின் மீனா மாறிட்டு!" என்று கத்தினார்.

நாற்பது தலைகளில் இருபது ஆடின. சத்தியமாக ஆடின. "கடல் கிட்டத்தானே, மாறும்" என்றார் கச்சிமுகம்மது மாமா. பிறகு அவருக்கே ஏதோ இடித்தது. "அப்ப என்ட நெஞ்சுல எடுத்தது?"

"கண்டுக்குட்டிட கழுத்துக் கட்டி, மாமா."

"அப்ப ஏன் எனக்கு நடக்க லேசாப் போச்சி?"

"மடியில இருந்த காசு போனா நடக்க லேசுதான்."

வல்லியம்மை சிரித்த சிரிப்பில் பாதி வளவு சேர்ந்துகொண்டது. மற்றப் பாதி, சிரித்தால் பாவமோ என்று பாவாவைப் பார்த்தது.

நான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டேன். உடம்பு அனலாகச் சுட்டது.

"ராத்தா, கட்டி வந்திட்டு. ஜின்னோ சினையோ, எடுத்தாச்சி. இனி ஆஸ்பத்திரிக்குப் போகலாமெண்டு நீங்கதான் சென்னீங்க. நான் போறன்."

"ஊசி போட்டா..." என்று பாவா தொடங்கினார்.

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. கூட்டத்துக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி சொன்னேன். "ஒண்டுக்கும் பயப்படாதீங்க. இந்த மனுசன் இவ்வளவு நாளா ஒங்கட நெஞ்சுலதான் கை வெச்சாரு. மண்டைக்குள்ள இருந்து ஒண்டையும் எடுக்கல்ல. அது எல்லாருக்கும் புத்தம் புதுசா, பாவிக்காம அப்பிடியே இரிக்கி. ஒருக்கா எடுத்துப் பாவிச்சிப் பாருங்க!"

"பொறு, நானும் வாறன்! செருப்பு..." என்று ராத்தா பின்னால் கத்தினாள்.

பொறுக்கவில்லை. றோட்டில் கல்முனை ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் கோண் அடித்து அலறிக்கொண்டு வந்தது. செருப்புப் போட்டோ போடாமலோ, ஓடி வருகிறவள் வரட்டும் என்று நான் நடந்தேன்.