தொண்டைக்குத் தென்கிழக்கே ஒரு புயல்

வங்கக் கடலில் உருவாகும் புயலை முன்கூட்டியே அறிவிக்க அரசாங்கத்தில் ஒரு தனி இலாகா உண்டு. தன் தொண்டையில் உருவாகும் புயலை ஊருக்கு அறிவிப்பதற்கென்று சொந்தச் செலவில் ஓர் இலாகா நடத்தியவர், நான் அறிந்தவரை, உலகில் ஒருவர்தான். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் அவருக்குக் கூண்டு என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அதை அவரே யோசித்துத்தான் சொல்வார். சென்ற மாதம் அவர் காலமானார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஒரு கல்லூரியில் விரிவுரையாளன். அவர் எதிர்வீட்டுக்காரர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்திச் செல்லும் தலைவராக, இருந்தவர். மதுவிலக்கு நீங்கிச் சாராயக்கடைகள் திறந்ததும், கடலில் மிதந்ததைவிடக் கடையில் அதிகம் மிதந்தார். தோணி முதலாளி அவரைக் கரையில் இறக்கி, பாய்மரப் பாய் தைக்கும் வேலையைக் கொடுத்தார். மனைவி ரெஜினா பொறுத்துப் பார்த்துவிட்டு மணப்பாட்டுக்குத் தாய்வீடு புறப்பட்டார். போகும்போது தெருவே கேட்கச் சொன்னார்:

"மாதா திருநாளுக்கு வருவேன். வாயை ஊதச் சொல்லுவேன். கொஞ்சம் வாடை அடிச்சாலும் அப்பவே திரும்பி பஸ் ஏறிருவேன். அதுக்குப் பொறவு இந்த வாசல்ல என்னையப் பாக்க மாட்டீரு."

கூண்டு குடியை விடாதவர் அல்லர், பலமுறை விட்டவர். "மாதா முன்னால முழங்கால் போட்டுச் சத்தியம் பண்ணுனேன் சார். அவ தாயாச்சே, ஒவ்வொரு வாட்டியும் மன்னிச்சுட்டா. அதுதான் வெனையாப் போச்சு."

ரெஜினா போன சில நாட்களில், கல்லூரியிலிருந்து திரும்பிய நான், எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு கம்பம் முளைத்திருப்பதைக் கண்டேன். உச்சியில் தார் பூசிய மீன்கூடை ஒன்று தொங்கிற்று. புயல் வரும்போது துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அதைப் பார்த்துத்தான் கடலுக்குப் போவதா, வேண்டாமா என்று கரையில் முடிவு செய்வார்கள். இது அதன் அச்சு அசல்.

"என்ன அண்ணாச்சி, புயலா?"

"ஆமா சார். மூணாம் நம்பர்."

"வானம் தெளிவா இருக்கே?"

"வானத்துக்கு என்ன சார், அதா குடிக்கி?"

குடிக்கும் ஆசை எழுந்தால் கூண்டு ஏறும், வடிந்தால் இறங்கும். இடைப்பட்ட நேரத்தில் அவர் கம்பத்தடியில் சம்மணமிட்டு, கண்ணை மூடி, ஆசை தன் உடம்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்று உற்றுக் கவனிப்பார். கவனித்ததை வானொலி அறிவிப்பாளரின் குரலில் தெருவுக்கும் தெரிவிப்பார்: "தொண்டைக்குத் தென்கிழக்கே மையம் கொண்டிருந்த தாகம் மேலும் வலுவடைந்து, நாக்கு நுனியை நோக்கி நகர்ந்து வருகிறது. கைவிரல் பகுதிகளில் பலத்த நடுக்கம் காணப்படும். வயிற்றுப் பகுதி மக்கள் அஞ்ச வேண்டாம்."

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன், என் மாடி ஜன்னலிலிருந்து அவரை அருகில் காணும்வரை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எழுந்து ஓடத் துடித்த கால்களை அவர் எழவிடவில்லை. ஆசையை விரட்டவும் இல்லை, அதனிடம் கெஞ்சவும் இல்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரத்துக்குப் பின் முகம் தளர்ந்தது. "கரையைக் கடந்துட்டு" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். அதற்கு இணையான துணிச்சலை நான் அதிகம் கண்டதில்லை.

"எதிர்த்து நிக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதிர்த்து நின்னா பாய்தான் சார் கிழியும். பாயை இறக்கிட்டு, எங்கன இருந்து அடிக்குன்னு பாத்துக்கிட்டுக் கெடக்கணும். அடிச்சுக்கிட்டேவா இருக்கும்? அதுக்கும் மூச்சு முட்டாதா?"

விளம்பரத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. பழைய குடித்தோழர் சவரி, கூடை ஏறிய கணமே புட்டியோடு மாடி ஏறினார். "ஏலே, ஊருக்கே தெரியக் கூடையைக் கட்டிக் கூப்பிட்டுட்டு, இப்ப வேண்டாங்கியே!" கூண்டு கண்ணைத் திறக்கவில்லை. அறிவிப்பு தொடர்ந்தது. கேட்டுக்கொண்டே சவரி தன் பங்கையும் நண்பர் பங்கையும் குடித்து அங்கேயே தூங்கிப்போனார். விழித்ததும், "புயலு உனக்கு, சேதம் எனக்கா?" என்று புலம்பியபடி படி இறங்கினார்.

திருநாளுக்குச் சற்று முன்பு, ஒரு விடியற்காலையில் ஆசை எழுந்தது. அதுவரை காணாத ஆசை. இரண்டு கூடைகள் ஏறின. கடற்கரையில் வள்ளம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் கம்பம் யாருடையது என்று எவர் ஆராய்ந்தார்? வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். பெண்கள் செபமாலையைக் கையில் எடுத்தார்கள். பிறகு வெயில் ஏறிற்று. கடல், தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. திருநாளுக்கு ஊரே மீன் தேடும் நேரத்தில், அந்தக் கரையிலிருந்து ஒரு வள்ளமும் போகவில்லை.

கூட்டம் தெருவுக்குள் வந்தது. முன்னால் நின்றவர் மிக்கேல், வள்ளக்காரர்களில் மூத்தவர்.

"ஏலே கூண்டு! எறங்குலே கீழ! உன் நாக்கு அரிச்சா நாங்க பட்டினி கெடக்கணுமால?"

"இன்னும் கரையைக் கடக்கல மாமா," என்றது மாடியிலிருந்து ஒரு கண்மூடிய குரல்.

மிக்கேல் மாடியேறிக் கூடைகளை அறுத்துத் தெருவில் போட்டு மிதித்தார். கம்பத்தையும் பிடுங்கினார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. கூண்டே அதை ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை ஆசை திரும்பி வந்தது. அவர் தெருவில் இறங்கி நடப்பதைப் பார்த்தேன். சாராயக்கடைக்கும் கடற்கரைக்கும் தெரு முக்குவரை ஒரே வழி. செருப்பையும் மறந்து பின்னால் போனேன். முக்கில் நின்றார். கடைப் பக்கம் பார்த்தார். பிறகு கடற்கரைப் பக்கம் திரும்பி, வலை உலர்த்திக்கொண்டிருந்த அதே மனிதர்களின் நடுவே போய் உட்கார்ந்து கண்ணை மூடினார். வானொலிக் குரல் வரவில்லை. உடம்பு மட்டும் ஆடிற்று.

ஒருவரும் சிரிக்கவில்லை. நடுக்கடலில் காற்றில் மாட்டிக்கொண்டு, அது அடங்கும்வரை கிடந்தவர்கள் அவர்கள். மிக்கேல்தான் முதலில் வாய் திறந்தார்.

"எங்கனலே நிக்கு?"

"நெஞ்சுல மாமா."

"ஏறுதா, எறங்குதா?"

"ஏறுது."

"ஏறட்டும். நாங்க இங்கனதான் இருக்கோம்."

வலையை அப்படியே போட்டுவிட்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் புத்தி சொல்லவில்லை. மிக்கேல் அவ்வப்போது கேட்டார். கூண்டு பதில் சொன்னார். தோளில். முழங்கையில். விரலில். கடைசியில் அவர் "கடந்துட்டு" என்றபோது, காணாமல் போன வள்ளம் கண்ணில் பட்டாற்போல் அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். அன்றிலிருந்து மாலைதோறும் கடற்கரையில் அந்த விசாரணை நடந்தது.

திருநாளன்று ரெஜினா வந்தார். பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே, "ஊதும்" என்றார். தெரு மூச்சைப் பிடித்தது. கூண்டு ஊதினார்.

"கிராம்பு வாடை அடிக்கி. எதை மறைக்கீரு?"

"பல்லு வலி, ஏளா! மாதா சத்தியமா!"

"உம்ம சத்தியத்தை நான் அறியாதவளாக்கும்!"

கூட்டத்திலிருந்து மிக்கேல் குரல் கொடுத்தார்: "பல்லு வலியேதான் தாயி. நாங்க கூடவே இருந்தோம்."

ரெஜினா மறுபடி முகர்ந்து பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

அன்று மதியம் எனக்கும் அங்கே சாப்பாடு. கூண்டே பரிமாறினார். பரிமாறுமுன் மீன்குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தவர், திகைத்து நின்றார். "இத்தன வருசமும் இவ இப்பிடியா சார் கொழம்பு வச்சா? ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே!"

முன்பெல்லாம் அந்தக் கையில் ஒரு தம்ளர் தேநீர் பாதிதான் உதட்டை எட்டும். இப்போது அது அகப்பை நிறையக் குழம்போடு என் இலைக்கு மேல் வந்து நின்றது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அடுக்களை வாசலில் நின்ற ரெஜினா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வயிறு நிறைந்திருந்தது. இருந்தும், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணாச்சி" என்றேன்.