பிள்ளையின் பின்னால் கிளம்பிய பெரிய மேளம்

என் தங்கையின் கணவரும், வெளியூரிலிருந்தே வீட்டை அதட்டுபவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, மச்சான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீங்க இல்லாததால இன்னும் கொஞ்சம் சுகம். போன்ல சொன்னா பாதியில வெச்சிடுவீங்க, அதான் கடிதம்.

பிள்ளை பள்ளிக்கூடத்து மேள வகுப்புல சேரணும்னு கேட்டதுக்கு, "போன வருஷம் பாட்டுல ஒரு வரி மறந்ததுக்கே மேடையில அழுதவ. ஏதாவது தப்பாப் போனா தாங்க மாட்டா. மச்சான் போய்ப் பார்த்து எழுதட்டும்"னு தீர்ப்பை ஒத்தி வெச்சீங்களே, அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை தங்கச்சியோட பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் போனேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குழு, வகுப்பு தொடங்குறதுக்கு முன்னோட்டமா ஒரு வாரம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக்கொடுத்து, சேர்ந்து மேடையேறினாங்க. மேளம் பேரு ஜெம்பே. இடுப்பு சிறுத்த அண்டாவுக்கு ஆட்டுத்தோல் போர்த்தி, சுத்திலும் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கும். வெறுங்கையால தட்டுறாங்க. முதல் அடிக்கே பக்கத்துல இருந்த கணக்கு வாத்தியாருக்குக் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கிடுச்சு. கொஞ்ச நேரத்துல அவரே எழுந்து தோளைக் குலுக்குறாரு. குழுவில ஒரு அம்மா மணி கோத்த சுரைக்குடுக்கையை உலுக்கினாங்க, தகரத்துல மழை பேஞ்ச மாதிரி.

இடைவேளையில மேடையில நாற்காலி நகர்த்த ஆள் கேட்டாங்க. லாரியில சாமான் ஏத்துறவன் சும்மா உக்காருவேனா. போனா, பிள்ளை தட்டப்போற சின்ன மேளத்துல ஒரு முழம் கயிறு தொங்குது. தொங்குற கயிறைப் பார்த்தா என் கை என்னைக் கேக்காது. பக்கத்துல இருந்த பெரிய மேளத்தோட சேர்த்து ஒரு லாரி முடிச்சு போட்டுட்டு இறங்கிட்டேன்.

பிள்ளை முறை வந்துச்சு. மேளத்தைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிட்டு நாலு எட்டு முன்னால வைக்கிறா. பின்னால, குழுத் தலைவர் முழங்காலுக்கு நடுவிலிருந்த பெரிய மேளம் நழுவி அவ கூடவே கிளம்புது. அதை விடாம அவரும் குந்தினபடியே தத்தித் தத்தி வர்றாரு. அரங்கமே சிரிக்குது. தங்கச்சி என் கையைக் கிள்ளுறா.

"அண்ணே, அது யார் கட்டினது?"

"தெரியலையே."

"நீ போட்ட முடிச்சை முப்பது வருஷமா அவுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?"

பிள்ளைக்கு உதடு பிதுங்குச்சு மாப்பிள்ளை. எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. அவ முடிச்சை இழுத்துப் பார்த்தா, அவுரலை. சட்டுனு தரையிலேயே உக்காந்து தட்ட ஆரம்பிச்சுட்டா. தலைவரும் எதிர்ல உக்காந்து பதில் தட்டுறாரு. இவ கேக்க, அவர் சொல்ல, இவ மடக்க, ஒரே வாக்குவாதம். அவ அழவேயில்லை. அழுதது நானும் கணக்கு வாத்தியாரும்தான்.

ஆகவே, தப்பாப் போக வேண்டியது போயிடுச்சு, பிள்ளை தாங்கிட்டா. இனி தகப்பன் நீங்கதான் முடிவு சொல்லணும். உங்க பதில் வராம இங்கே ஒரு துரும்பும் அசையாது. சளி இருமல் அண்டாம, மேலதிகாரி கண்ணுல படாம, நல்லா இருங்க.

இப்படிக்கு,
கயிறும் கையுமாக,
மச்சான்

பின்குறிப்பு: சேர்க்கைத் தாள்ல தகப்பன் கையெழுத்து போடற இடத்துல தங்கச்சி நேத்தே உங்க பேரை எழுதிக் கொடுத்துட்டா. உங்களைவிட அழகா எழுதியிருக்கா. இன்னைக்கு முதல் வகுப்பும் முடிஞ்சுது. நீங்க அவசரப்படாம, நல்லா யோசிச்சு, சரின்னு எழுதுங்க.